கடற்கரைப் பேச்சு என்று சொன்னேன்

அன்று கடையில் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் நின்றுபோய், அதன் சூடும் டோனர் நெடியும் மட்டும் அறையில் மிச்சமிருந்தன. வெளியே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. மேசைமேல் ஒரு செல்போன். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து நின்றோம்.

"சவுண்டக் கூட்டுங்க" என்றார் என் கணவர்.

"ஃபுல்லுதாண்ணே. அவன் பேசுறதே அம்புட்டுதான்" என்றார் போனைக் கொண்டுவந்தவர். பக்கத்துத் தெருவில் டயர் கடை வைத்திருப்பவர் அவர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த ஆடியோ அது. யார் முதலில் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. பத்து இருபது கை மாறி வந்திருந்தது.

நாற்பது நொடி. முதலில் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். கக்கூஸுக்குள் நின்று பேசியிருக்கிறான். அப்புறம் ஒரு கிசுகிசுப்பு.

"அண்ணே, யாரு கேட்டாலும் சரி. எங்கள ஒரு பில்டிங்ல வச்சுப் பூட்டியிருக்காங்க. பாஸ்போர்ட்டு அவங்கள்ட்ட இருக்கு. கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டியாந்து, போன்ல ஆளுங்கள ஏமாத்தச் சொல்றாங்க. செய்யலன்னா அடி. கரண்டு வைக்கிறாங்க. தமிழாளுங்க பத்துப் பதினஞ்சு பேரு இருக்கோம். கவர்மெண்ட்ல யாருக்காச்சும் சொல்லுங்க. எம்பேரு சொல்ல முடியாது. வச்சிர்றேன்."

முடிந்தது. டயர் கடைக்காரர் மறுபடி ஒருமுறை போட்டார். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பூத்தக்கா, நீங்க சொல்லுங்க. இது எந்த ஊருப் பேச்சு?"

அப்போது என் மகன் முகிலனிடமிருந்து போன் வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் அவனையும் அனுப்பியிருந்தோம்.

இந்தத் தொடரில் இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதலாமா என்று கேட்கவேண்டிய ஒருவரிடம் கேட்டேன். எழுதச் சொன்னார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கண்ணாடிக் கூண்டு

அறந்தாங்கியில் என்னை இன்றைக்கும் பூத்தக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பூத் போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு எல்லாம் பார்க்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் என்றால் அது என் கடைதான்.

கல்யாணமான மறுவருடமே என் கணவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பி.ஏ. படித்தவள் வீட்டில் சும்மா இருப்பதா என்று நான் பூத் எடுத்தேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று காலையிலிருந்தே சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கைக்குழந்தையோடு வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

பாதிப்பேர் கத்துவார்கள். கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று நினைப்பு.

"மெதுவாப் பேசுங்கண்ணே, போன்லயே கேக்கும்" என்றால், "அவனுக்கு ஊர்லயே காது கேக்காது தாயி, அங்க போயா கேக்கப்போகுது?" என்பார்கள்.

கூண்டின் கதவைச் சாத்திவிட்டால் சொல் எதுவும் வெளியே வராது. வரக்கூடாது என்றுதான் கதவு. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். பதினைந்து வருடம் அதைக் கேட்டுக்கொண்டே ரசீது கிழித்துக் கொடுத்திருக்கிறேன். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடற்கரைப் பக்கத்து ஆட்கள் கடகடவென்று ஓடிவந்து கடைசியில் இழுத்து நிற்பார்கள். எதிர்க்காற்றில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பழகிய பேச்சு என்பார் என் கணவர். வல்லத்திராக்கோட்டை, ஆலங்குடி பக்கத்து வெள்ளாமைக்காரர்கள் அப்படியில்லை. சுமந்து வந்த மூட்டையை இறக்குவதுபோல் ஒவ்வொரு பேச்சையும் தரையில் வைத்து முடிப்பார்கள். பொன்னமராவதிப் பக்கம் வேறு மாதிரி. கொடும்பாளூர் தாண்டி விராலிமலைப் பக்கம் போனால் திருச்சி வாடை வந்துவிடும்.

முகிலன் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குத்தான் வருவான். கூண்டைப் பார்த்தபடி வீட்டுப்பாடம் எழுதுவான். அங்கே பேசிவிட்டுப் போனவர்களைப்போல வீட்டில் பேசிக்காட்டுவான். கடற்கரைப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரரைப் போனில் திட்டுவதை அவன் செய்துகாட்டினால் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

பெயர் சொல்லாத ஒருவர்

பேச்சை வைத்தே ஊர் சொல்பவள் என்று எனக்கு எப்படிப் பேர் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பூத் எடுத்த புதிதில் ஒருநாள் வெளிநாட்டிலிருந்து என் கடைக்கே ஒரு போன் வந்தது. "எங்க வீட்டுக்குத் தகவல் சொல்லிருங்கம்மா. ஆக்சிடெண்டுன்னு யாராச்சும் சொன்னா நம்ப வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரு ஆள் அவசரமாகச் சொன்னார். எந்த வீடு என்று கேட்பதற்குள் கட்டாகிவிட்டது.

யாருக்குச் சொல்வது? அந்தப் பேச்சையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கீரனூர்ப் பக்கம் என்று பட்டது. அங்கே போகும் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பெண் தன் அண்ணனோடு கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய வீட்டுக்காரர்தான். அவர் இறந்துவிட்டதாக ஊரில் சேதி வந்து, வீட்டில் எல்லாம் கூடிவிட்டார்களாம்.

அன்றிலிருந்து நான் கெட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் இரண்டு வார்த்தை பேசினால் போதும். "நீங்க கறம்பக்குடியா?" என்று கேட்டுவிடுவேன். அவர்கள் அசந்துபோவதைப் பார்ப்பதில் ஒரு சுகம். "அக்கா ஜோசியம்ல சொல்லுது" என்பார்கள். எத்தனை தடவை தப்பாகச் சொன்னேன் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

நூற்றுக்கு நூறு

அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

மூன்றாம் தடவை ஆடியோவைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உண்மையைச் சொன்னால், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. முகிலனா, இல்லையா என்று மட்டும்தான் கேட்டேன். கிசுகிசுப்பில் குரல் என்பதே இருக்காது. தொண்டை கனமா, கீச்சா, ஒன்றும் தெரியாது. மிஞ்சுவது பேச்சு ஒன்றுதான்.

அந்தப் பேச்சு ஓடிவந்தது. கடைசியில் இழுத்து நின்றது.

என் முதுகில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது.

"கடக்கரைப் பக்கம்" என்றேன். "மணமேல்குடிக்குத் தெக்க. நம்ம பயல் இல்ல."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டயர் கடைக்காரர், "அப்ப கோட்டைப்பட்டினம் குரூப்புக்கு அனுப்பிவிடுறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது.

ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் ரேஷன் பை. நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நா வல்லத்திராக்கோட்ட. பேரு பாக்கியம். எம்மகன் வீரமணியும் அங்கிட்டுத்தான் போயிருக்கான். ஒங்க மகன அனுப்புன ஏஜெண்டுதான் அவனையும் அனுப்புனாரு."

"போன் வருதா?"

"வந்து ஒரு மாசம் ஆச்சுக்கா. இந்தப் பேச்ச எங்கூருலயும் போட்டுக் காட்டுனாங்க. கேட்டா அவன் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. அறந்தாங்கியில ஒரு அக்கா கேட்ட ஒடனே சொல்லிரும்னு சொன்னாங்க. அதான் பஸ் ஏறி வந்தேன்."

நான் அவளை உட்காரவைத்தேன். டீ வாங்கிவரச் சொன்னேன். டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

"ஒங்க புள்ள மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, அந்தப் பக்கம் எங்கயாச்சும் வேலை பாத்திருக்கானா?"

"இல்லக்கா. திருப்பூர்ல ரெண்டு வருசம். அப்புறம் வீடு, காடுதான்."

"சொந்தக்காரங்க யாரும் கடக்கரைப் பக்கம் இருக்காங்களா?"

"எங்களுக்கு ஏதுக்கா அங்கிட்டெல்லாம்."

"அப்ப இது அவன் இல்ல. ஒங்க பக்கத்துப் பேச்சே இது கெடையாது."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நூத்துக்கு நூறு. எத்தன வருசமாக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "வயித்துல பால வாத்தீங்கக்கா" என்றாள். டீயை ஒரே மூச்சில் குடித்தாள். நம்பர் வாங்கிக்கொண்டாள். மழை விடாததால் நானே குடையை விரித்து அவள் கையில் கொடுத்து பஸ் வரைக்கும் அனுப்பினேன்.

பக்கத்து ஸ்டேஷனரி கடைக்காரர், "என்னக்கா, இன்னைக்கும் கரெக்டாச் சொல்லிட்டியளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றி, அப்படியே வாயில் நுரையோடு நின்றுவிட்டேன்.

தமிழாட்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம் என்று அவன் சொன்னானே. பேசியவன் முகிலன் இல்லை, சரி. அந்தப் பத்துப் பதினைந்தில் முகிலன் இல்லை என்று யார் சொன்னது?

என் கணவரிடம் சொன்னேன். அவர் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். "மனு கினுன்னு போனீங்கன்னா பையன் வேலை போயிரும் சார். கேஸ் போட்டு அங்கயே உள்ள வச்சிருவான்" என்றார் ஏஜெண்ட். அறந்தாங்கிக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். தேனாகப் பேசுவார். அதைக் கேட்டு என் கணவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. ஊர் ஜனத்துக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவள் நான். எனக்கு எழுத எவ்வளவு நேரம்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்கியத்துக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கி நாங்க புதுக்கோட்டையில மனு குடுக்கப் போறோம். நீங்களும் வந்தா ஒங்க மகன் பேரயும் சேத்துக் குடுக்கலாம்."

"எம்மகன் இல்லன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"பேசுனது அவன் இல்ல. ஆனா அங்கன இருக்கலாம்ல?"

போனில் கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"ஏஜெண்டு வந்துட்டுப் போனாருக்கா. வீரமணி வேற பில்டிங்காம். மனுக் குடுத்தா ஜெயில்னு சொல்றாரு. அவன் இல்லன்னு ஆயிருச்சுல்ல, நாம எதுக்குப் போய் வம்ப வெலைக்கி வாங்கணும்?"

நான் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலையெல்லாம் போட்டுவிட்டு வல்லத்திராக்கோட்டைக்கு ஒரு பஸ் ஏறியிருக்கலாம். முக்கால் மணி நேரம் ஆகாது. "சரி, யோசிச்சுக்கங்க" என்று வைத்துவிட்டேன். எனக்கு என் மனு இருந்தது. அதில் ஒட்ட முகிலனின் போட்டோவைத் தேடவேண்டியிருந்தது.

முகிலன் வந்தான்

அதன்பிறகு நாலைந்து மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. மனுவுக்குமேல் மனு. பாஸ்போர்ட் நகல், டிக்கெட் நகல், அவன் கடைசியாக அனுப்பிய போட்டோ. என் கடை ஜெராக்ஸ் மெஷினில் என் மகன் முகத்தையே எத்தனை பிரதி எடுத்தேனோ தெரியாது. ஒவ்வொரு பிரதியிலும் அவன் கண் இன்னும் கொஞ்சம் கறுத்துக்கொண்டே போனது.

தை பிறந்து சில நாளில் அவன் வந்தான். அவனோடு தமிழ்நாட்டுப் பையன்கள் ஏழு பேர். திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நடந்துவந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் கணவர்தான், "அந்தா, அந்தா" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்தும் அவன் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான். யாருடைய போனிலாவது மெசேஜ் வந்து 'டிங்' என்றால் அவன் தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும். வீட்டில் எல்லாப் போனையும் சைலண்டில் போட்டோம். இடது கைச் சுண்டுவிரல் மடங்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணுல்லம்மா" என்றான்.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனாக வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை.

"அம்மா, ஒரு வாய்ஸ் வந்துச்சா? கக்கூஸ்ல நின்னு பேசுன மாதிரி?"

"வந்துச்சே. கடைக்கே கொண்டாந்து போட்டாங்க. கடக்கரைப் பக்கத்துப் பையன் யாரோ, பாவம். அவன் வந்துட்டானா?"

"கடக்கரைப் பையன்னு யாரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேன். கேட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு."

அவன் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"அது வீரமணிம்மா. வல்லத்திராக்கோட்டைப் பையன். எம்பெட்டுக்கு மேல் பெட்டு அவனுக்கு."

என் கையில் கீரைக்கட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அங்க எங்கள மேய்க்கிற ஆளு ஒருத்தன் நம்ம ஏஜெண்டோட மச்சான். அவனும் இந்தப் பக்கத்து ஆளுதான். வாய்ஸ் எப்படியும் சுத்திச் சுத்தி அவன் போனுக்கு வந்துரும். பேச்ச வச்சே யாருன்னு பிடிச்சிருவான்னு நாந்தான் சொன்னேன். எங்கம்மால்லாம் ரெண்டு வார்த்தையில ஊரச் சொல்லிரும்டா, நீ ஊருப் பேச்சுல பேசுனா செத்தன்னு சொன்னேன். நாலு நாளு கக்கூஸ்ல வச்சு அவனுக்குப் பழக்கிவிட்டேன். நம்ம பூத்துக்கு வருவாங்கள்ல, அவங்க மாதிரி. அவனுக்கு வரவே இல்ல. வந்த அன்னைக்கிப் பேச விட்டேன்."

"வந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்வது? "நல்லாவே வந்துச்சு."

"அந்த மச்சானும் நம்பிட்டாம்மா. ராமேஸ்வரத்துப் பையன் ஒருத்தனப் போட்டு அடிச்சான். வீரமணிய விட்டுட்டான்."

"வீரமணி இப்ப எங்க?"

அவன் சொன்னது இதுதான். யாரைத் தேடி மனு வந்திருக்கிறது என்ற விவரம் எப்படியோ அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருநாள் காலையில் எல்லோரையும் கீழே இறக்கிப் பெயர் வாசித்தார்களாம். பெயர் இருந்தவர்களை ஒரு பக்கம் நிற்கவைத்தார்களாம். இவர்களைத் தேடி ஆள் வரும், வம்பு வேண்டாம் என்று விட்டுவிட. பெயர் இல்லாதவர்களை வேறு ஒரு வேனில் ஏற்றினார்களாம்.

"ரெண்டு தடவ வாசிச்சாங்கம்மா. ரெண்டாவது தடவயும் அவன் பேரு வரல. எங்கம்மா குடுத்திருக்கும்டா, நல்லாப் பாக்கச் சொல்லுடான்னு எங்கிட்டச் சொன்னான்."

வல்லத்திராக்கோட்டை

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் நானும் முகிலனும் போனோம். "நீ வர வேணாம்" என்றேன். "நானும் வாரேன்" என்றான். அறந்தாங்கியிலிருந்து அங்கே போகும்வரை என்ன சொல்வது என்று யோசித்தேன். பஸ்ஸில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். என் காது தன்பாட்டுக்கு ஒவ்வொருவருக்கும் ஊர் பிரித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடியவில்லை.

பாக்கியம் வீட்டு முன்னால் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். பிறகு முகிலனைப் பார்த்தாள். மடியிலிருந்த கடலை எல்லாம் கொட்டியது.

"இதான் ஒங்க மகனாக்கா?"

"ஆமா."

"வந்துட்டானா." அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை தடவினாள். "எளச்சுப் போயிட்டியேப்பா. ஒக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது. ஆடியோவில் பேசியது வீரமணி. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். பெயர் வாசித்ததையும் வேனையும் முகிலன் சொன்னான். வீரமணி கடைசியாகச் சொன்னதையும் சொன்னான். அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் கேட்கவில்லை.

பாக்கியம் கத்துவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கீழே கொட்டிய கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொதத் தடவ கேட்டப்பவே தெரியும். அவன் யாரு மாதிரிப் பேசுனா என்ன? பயந்தான்னா பேச்சுக்கு நடுவுல மூச்ச உள்ள இழுப்பான், சின்னதுல இருந்து. பெத்தவளுக்குக் கேக்காதா?"

"அப்பறம் ஏன் எங்கிட்ட வந்தீங்க?"

"இல்லன்னு யாராச்சும் சொல்லணும்னு வந்தேன். நீங்க சொன்னீங்க. அன்னைக்கித்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

எனக்குள் ஏதோ தளர்ந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். முழுத் தப்பும் என்னுடையது இல்லை என்று ஒரு நினைப்பு சந்தில் புகுந்து வந்துவிட்டது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். பாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்காக ஒங்க மேல தப்பு இல்லன்னு நான் சொல்லலக்கா. நீங்க படிச்சவங்க. எனக்குத் தெரியலம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அடுத்த பஸ்ஸுக்கே நான் கலெக்டர் ஆபீஸ் போயிருப்பேன்."

 

கொண்டுபோயிருந்த தாளை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், அப்பா பெயர், பிறந்த வருடம், உயரம், முழங்காலில் இருக்கும் தழும்பு. அவள் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்தோம். அதன்பிறகு எத்தனையோ திங்கட்கிழமை போய்விட்டோம். மனு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். இதை எழுதும்வரை வேறு தகவல் இல்லை. ஏஜெண்ட் ஊரிலேயே இல்லை.

அன்று நாங்கள் கிளம்பும்போது அவள் முகிலனை நிறுத்தினாள்.

"தம்பி, அந்த வேனு எங்கிட்டுப் போச்சு?"

"தெரியலம்மா. கேட்ட விட்டு வெளிய போச்சு."

"போனதப் பாத்தேல்ல. எந்தப் பக்கமாத் திரும்புச்சு? அதச் சொல்லு."

முகிலன் அந்த வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். அந்தக் கட்டடத்தின் கேட்டை இந்த வீட்டு முன்னால் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மடங்காத சுண்டுவிரலோடு கையைத் தூக்கி இடது பக்கம் காட்டினான்.

அங்கே இருந்தது ஒரு கருவேலங்காடும் அதை ஒட்டித் தார் ரோடும்தான். பாக்கியம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அந்த ரோட்டைப் பார்த்தாள். எங்கள் பஸ் வந்து, நாங்கள் ஏறி, ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோதும் அவள் கையை இறக்கவில்லை.